மூன்று முறை கேட்கும் மிட்டாய் மாஸ்டர்

"வெட்டலாங்களா?"

மேஜையின் இந்தக் கோடியில் நின்று ஒரு தடவை. நடந்துபோய் அந்தக் கோடியில் நின்று ஒரு தடவை. பிறகு நடுவுக்கு வந்து, இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, சுற்றி நிற்கிறவர்களின் முகங்களை வரிசையாகப் பார்த்து மூன்றாவது தடவை. யாராவது வாய் திறந்து "வெட்டுங்க மாஸ்டர்" என்று சொன்னால்தான் விரல் மெஷின் சுவிட்சுக்குப் போகும். தலையை ஆட்டினால் செல்லாது. கண்ணைக் காட்டினால் செல்லாது. அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய ரோதனை. நான் பிறந்ததிலிருந்தே அவசரத்தில் இருக்கிறவள்.

திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் பொங்கியண்ணன் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவர். பெயர் மிக்தாத் ஹுசைன். ஊர் உத்தரப்பிரதேசத்தில் அம்ரோஹா. திருப்பூருக்கு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மித்தாத்து என்றார்கள், மித்தாயி என்றார்கள், கடைசியில் மிட்டாய் மாஸ்டர் என்று நிறுத்திக்கொண்டார்கள். அவரும் அதற்கே "என்னங்க" என்று திரும்பப் பழகிவிட்டார்.

நான் வெளிநாட்டுக் கடைகளுக்குப் பனியன் வாங்கித்தரும் ஒரு பையிங் ஆபீசின் தரப் பரிசோதகி. என் வேலை, தைத்த பனியனில் குறை கண்டுபிடிப்பது. வாரத்துக்கு இரண்டு நாளாவது அந்தக் கம்பெனிக்குப் போகிறேன். பதினோரு வருஷமாக என்னை "கோமளா மேடம்" என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். "ஏனுங்க அம்மிணி, இன்னிக்கு யாரு வயித்துல புளியைக் கரைக்க வந்தீங்க?" என்பார். வடக்கிலிருந்து வந்த பையன்கள் அவரிடம் ஹிந்தியில் பேசுவார்கள். பதில் கொங்குத் தமிழில் வரும். திட்டுவதும் கொங்குத் தமிழில்தான், அதுவும் 'ங்க' குறையாமல். "கண்ணைத் தொறந்துட்டு லேயர் போட்டீங்களா, மூடிட்டுப் போட்டீங்களாங்க?" என்று அவர் கேட்டால், துணியை அடுக்கடுக்காக விரித்து லேயர் போட்டவன் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடமாட்டான்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி, உயரம். நரைத்த தாடியைக் கத்தரித்து வைத்திருப்பார். காதில் கோடு போடும் நீலச் சாக்பீஸ். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்ட முழுக்கைச் சட்டை. கட்டிங் அறை மூலையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அட்டைப் பேட்டர்ன்கள் உட்கார்ந்திருக்கும், அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ குடிப்பதும் நின்றபடியேதான். கேட்டால், "உக்காந்து எந்திரிச்சா கோடு கோணிக்குமுங்க" என்பார். அதை நான் நம்பியதில்லை.

எந்த உத்தரவையும் அவர் தனியாக வாங்கிக்கொள்ள மாட்டார். போனில் சொன்னால், "நேர்ல வந்து மேஜைக்கிட்ட நின்னு சொல்லிப்போடுங்க." நேரில் போய் அவர் காதருகே சொன்னால், "சத்தமாச் சொல்லுங்க, கருப்புசாமிக்கும் கேக்கட்டும்." கருப்புசாமி லேயர் போடுகிறவர், இருபது வருஷமாக மாஸ்டருக்கு எதிர்ப்பக்கம் துணியைப் பிடிக்கிறவர். எல்லாம் சொல்லி முடித்ததும் மாஸ்டர் அறையைப் பார்த்து ஒரு வரி போடுவார்: "இருக்கறவங்க இல்லாதவங்களுக்குச் சொல்லிப்போடுங்க." பாத்ரூம் போனவன், லீவில் இருப்பவள், எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு நான் போனில் ஒரு அளவு சொன்னேன். கழுத்து அகலம் ஒரு சென்டிமீட்டர் கூட. ஷிப்மென்ட் தலைக்கு மேல் தொங்குகிறது, உடனே வெட்டுங்கள் என்று கத்தினேன். "நேர்ல வாங்க அம்மிணி" என்றார். பல்லடம் ரோட்டு நெரிசலில் ஒரு மணி நேரம் அவரைச் சபித்துக்கொண்டே போனேன். மேஜை முன்னால் நின்று, பேப்பரைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். படிக்கும்போதுதான் தெரிந்தது, அது வேறொரு ஸ்டைலின் பேப்பர். நானூறு கிலோ துணி என் ஒரு போன் காலில் துடைக்கிற துணியாகப் போயிருக்கும். அவர் சாக்பீஸைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் வாயும் கொஞ்சம் அடங்கியது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்தப் பட்டப்பெயருக்கு நியாயம் செய்வார். பக்ரீத் முடிந்து எட்டாம் நாள் கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுப்பார். முதலாளியிலிருந்து பிசிறு வெட்டும் மயிலாத்தாள் வரைக்கும் ஆளுக்கு ஒரு பிடி. சர்க்கரை வியாதிக்காரர், தான் மட்டும் தொடமாட்டார். முதல் சில வருஷம் அவருக்குப் பிறந்தநாள் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் பொறுக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க நபிகள் நாயகம் கடைசி ஹஜ்ஜு முடிச்சுட்டுத் திரும்பி வர்றாருங்க. வழியில கதீர் கும்முன்னு ஒரு குட்டை. நல்ல வெயிலு. முன்னால போனவங்களைத் திரும்பக் கூப்புட்டு, பின்னால வர்றவங்க வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்து, ஒட்டகச் சேணமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அது மேல ஏறி நின்னு, ஹஜ்ரத் அலி கையைப் புடிச்சுத் தூக்கி, நான் யாருக்குத் தலைவனோ அவருக்கு இந்த அலி தலைவருன்னு சொன்னாருங்க. இருக்கறவங்க இல்லாதவங்களுக்குச் சொல்லிப்போடுங்கன்னும் சொன்னாரு. அந்த நாளுதானுங்க இது."

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அவர் ஷியா. நபிகளுக்குப் பிறகு சமூகத்தை நடத்தும் பொறுப்பு அன்றே அலிக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் நபிகள் மறைந்ததும், குடும்பத்தார் அடக்க வேலையில் இருக்கும்போதே வேறோர் இடத்தில் கூடியவர்கள் அபூபக்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். சமூகம் கூடி எடுத்த முடிவு அது, சரியான முடிவு என்பது சுன்னிகளின் நம்பிக்கை. பிரிவு தொடங்கிய இடம் அது. "அவங்களும் அந்தக் குட்டையில அப்படிச் சொன்னதை இல்லேங்கலீங்க அம்மிணி. அந்தச் சொல்லுக்கு அன்பானவரு, வேண்டியவருன்னு அர்த்தம் சொல்றாங்க. எங்களுக்குத் தலைவரு" என்றார். குரலில் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமை சுன்னிகளின் பள்ளிவாசலில்தான் இவரும் தொழுகிறார். முன்வரிசையில் இடம் பிடித்துவைப்பவர் ஒரு சுன்னி பிரிண்டிங் மாஸ்டர்.

அவருடைய அப்பா தன் நான்கு மகன்களுக்கும், அலியின் பக்கம் அசையாமல் நின்ற நான்கு தோழர்களின் பெயரை வைத்திருக்கிறார். பாரசீகத்திலிருந்து வந்த சல்மான், மனதில் பட்டதை யார் முன்னாலும் பேசிய அபூதர், பத்ருப் போருக்குக் குதிரையோடு போன மிக்தாத், அப்பா அம்மா இருவரையும் நம்பிக்கைக்காகப் பறிகொடுத்த அம்மார். இவர் மூன்றாவது. "நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நீங்கெல்லாம் கவலைப்படுவீங்க. எங்கூட்டுல அந்த நாலு பேரும் ஒரே தட்டுல சோறு தின்னோமுங்க" என்பார்.

இன்னொன்றும் சொன்னார். பல வருஷம் கழித்து, அலி ஒரு முற்றத்தில் மக்களைக் கூட்டி, அன்று குட்டைக்கரையில் கேட்டவர்கள் எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்றாராம். பலர் எழுந்தார்கள். கேட்டிருந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு என்று ஷியாக்கள் பக்கத்தில் சொல்வார்களாம். "சின்ன வயசுல மஜ்லிஸ் கூட்டத்துல இதைக் கேட்டுட்டு வந்து அம்மாகிட்டக் கேட்டனுங்க, நானா இருந்தா எந்திரிச்சிருப்பனா, உக்காந்திருப்பனான்னு. பெரியவனானா தெரியும்னாங்க." சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார். வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

பெரியவனானால் தெரியும் என்று அந்த அம்மா சொன்னது, இந்த வருஷம் சித்திரைக் கடைசியில் அருள்புரத்தில் வந்து நின்றது.

முதலாளி பொங்கியண்ணனுக்கு எழுபத்துமூன்று வயது. பூர்வீகம் மூலனூர்ப் பக்கம், முருங்கைத் தோட்டமும் வெள்ளாமையுமாக இருந்த குடும்பம். அவருக்கு ஒரே பெண் சாரதாமணி. பன்னிரண்டு வருஷமாகக் கம்பெனி புரொடக்‌ஷன் முழுக்க அவள் கையில். எந்த லைனில் எந்த மெஷின் நூல் அறுக்கிறது என்பதை ஆபீசில் இருந்தபடியே சொல்லுவாள். தம்பி மகன் கதிர்வேல் மார்க்கெட்டிங் பார்க்கிறார். பையர்களோடு பேசுவதும், பறப்பதும், சாம்பிளோடு திரும்புவதும் அவர். பெரியவருக்குப் பிறகு கதிர்வேல்தான் என்று கம்பெனியில் சுவர்கூட நம்பியது. நானும் நம்பினேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஆம்பளைப் பையன் என்பதைத் தவிர என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

பெரியவருக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. கோயமுத்தூரில் ஆபரேஷன் என்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தைய நாள் கட்டிங் அறைக்கு வந்து, கருப்புசாமியை டீ வாங்க அனுப்பிவிட்டு, மாஸ்டரிடம் தனியாகப் பேசினார். பேசியது என்ன என்று பிற்பாடு மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மாஸ்டரே, எனக்குப் பொறவு சாரதாதான். கதிரு நல்ல பையன், ஆனா அவன் வெளி வேலைக்கு ஆளு. இதை உங்ககிட்டச் சொல்லி வெக்கறேன்."

"என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க மொதலாளி. மேஜைக்கிட்ட எல்லாரையும் வெச்சுச் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி ஒரு பேப்பர்ல எழுதுங்க."

"எழுதுனா சாகப் போறவனாட்ட இருக்கும். வந்து நானே சொல்லிக்கறேன். அது வரைக்கும் மனசுல வெச்சுக்கங்க. உங்ககிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

பெரியவர் செய்த தப்பு அதுதான். கம்பெனியிலேயே நாணயமான ஆள் யார் என்று பார்த்துச் சொன்னார். அந்த ஆள் சொன்னால் சொந்தக்காரர்கள் நம்புவார்களா என்று பார்க்கவில்லை. வெளியூர்க்காரர், வேறு மதம், வேறு பாஷை, கத்தி பிடிக்கிற கூலிக்காரர். பெரியவர் திரும்பி வராமல் போய்விட்டால், இவர் வாயைத் திறந்த மறு நிமிஷம், சாரதாமணி ஆள் வைத்துப் பேச வைக்கிறாள் என்பார்கள். திறக்காவிட்டால், கேட்டும் எழாமல் உட்கார்ந்தவர் ஆவார்.

அந்த ஆறு வாரம் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. வெட்டலாங்களா என்று ஐந்து தடவை கேட்டார். கோடு போட்டார், துடைத்தார், மறுபடி அதே கோட்டைப் போட்டார். "துணி இன்னும் தூங்கி எந்திரிக்கலீங்க" என்று, இழுவை அடங்க ஒரு நாள் பிரித்துக் கிடந்தால் போதும் என்கிற துணியை இரண்டு நாள் போட்டுவைத்தார். நான் அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து, டெஸ்ட் எடுங்கள் என்று நச்சரித்தேன்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் பெரியவருக்கு மூச்சு வாங்கி மறுபடி செயற்கை மூச்சு மெஷினில் போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனார். குடும்பத்தாரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. வராந்தாவில் ஒரு பக்கம் சாரதாமணி, ஒரு பக்கம் கதிர்வேல். இருவருக்கும் விஷயம் தெரியாது. கதிர்வேல்தான் எழுந்துபோய் மாஸ்டருக்குச் சர்க்கரை போடாத டீ வாங்கிவந்து கொடுத்தார். "அந்தப் பையன் கையால டீயை வாங்கிட்டு அது மூஞ்சியப் பாக்க முடியலீங்க அம்மிணி. உக்காருங்க மாஸ்டர்ன்னு அந்தப் பையனும் சொல்லுது, சாரதா புள்ளையும் சொல்லுது. எப்படிங்க உக்கார்றது?" சாயங்காலம் வரைக்கும் சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

மூன்றாம் வாரம் சொந்தக்காரர்கள் கம்பெனி ஆபீசில் கூடினார்கள். பெரியவர் மெஷினிலிருந்து வெளியே வந்துவிட்டார், ஆனால் பேச்சு இன்னும் தெளியவில்லை. கம்பெனி தலையில்லாமல் கிடக்கக் கூடாது, வளர்பிறையில் நல்ல நாள் பார்த்துக் கதிர்வேலை உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு ஓடியது. நான் பக்கத்து அறையில் சாம்பிள் அளந்துகொண்டிருந்தேன். நடுவில் இருப்பது வெறும் கண்ணாடித் தடுப்பு, ஒட்டுக்கேட்க வேண்டிய சிரமமே இல்லை. சாரதாமணி அன்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்: "கதிரு வந்துட்டா நான் ஊட்டோட இருந்துக்கறனுங்க. பன்னெண்டு வருஷம் பாத்தாச்சு, போதும்." சொல்லும்போது கையில் ஒரு லைன் ரிப்போர்ட்டை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கேட்க நான் யார்?

அப்போது ஆபீஸ் வாசலில் மாஸ்டர் வந்து நின்றார். காதில் சாக்பீஸ். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"மொதலாளி இன்னும் இருக்காருங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. கதிர்வேலின் மாமா ஒருவர், "ஆமா, இருக்காரு. அதுக்கென்ன மாஸ்டர்?" என்றார்.

"அவரு வாயில இருந்து வராத எதையும் அவரு படுத்திருக்கறப்ப எடுத்து வெக்காதீங்க. வந்து சொல்றேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

"உங்ககிட்டயா சொன்னாரு?"

"என்கிட்டத்தானுங்க."

"என்ன சொன்னாரு?"

"வந்து சொல்றேன்னு சொன்னாருங்க. அதுக்கு மேல கேக்காதீங்க, நான் வாக்குக் குடுத்திருக்கறன்."

"வெட்டற வேலை கெடக்குது, போய் அதைப் பாருங்க" என்றார் மாமா. மாஸ்டர் போகவில்லை. வாசலை விட்டு உள்ளேயும் வரவில்லை. கை கட்டிக்கொண்டு நின்றார், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அப்படி ஒருவர் வாசலில் நிற்கும்போது நல்ல நாள் பார்ப்பது யாருக்கும் சிரமம்தான். கடைசியில் கதிர்வேல் காலண்டரை மூடிவைத்தார். "பெரியப்பா வரட்டும். எனக்கொண்ணும் அவசரமில்லீங்க மாமா" என்றார். மாஸ்டர் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கட்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், சட்டை முதுகு முழுக்க வேர்வை.

ஜூன் கடைசி வாரம் பெரியவர் வந்தார். காரை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கம்பெனியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாராம். மார்பில் கட்டு, கையில் தடி, குரல் பாதிக்குப் பாதி. மாஸ்டர் வணக்கம் வைத்த கையோடு, "மொதலாளி, சொல்லிப்போடுங்க" என்றார். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

"நாளன்னிக்குச் சொல்றனே மாஸ்டரே. மூச்சு வாங்குது."

"இன்னிக்குச் சொல்லிப்போடுங்க. என்னால இதுக்கு மேல தூக்க முடியாதுங்க."

அப்படி அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. பெரியவர் தலையை அசைத்தார்.

காலை பத்தரை மணிக்கு, ஷிப்மென்ட் நாளில், மாஸ்டர் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். எனக்குப் பகீர் என்றது. இருநூறு மெஷின் ஒன்றாக நின்றால் காதில் ஒரு பள்ளம் விழுகிறது. லைனிலிருந்து, பேக்கிங்கிலிருந்து, அயர்னிங்கிலிருந்து எல்லாரும் கட்டிங் அறைக்கு வந்தார்கள். மயிலாத்தாள் பிசிறு வெட்டும் கத்தரியோடு வந்தாள். பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்று மாஸ்டரும் கருப்புசாமியும் துணி ரோல்களை இரண்டு வரிசை படுக்கவைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டார்கள். நான் அந்த ரோல்களைப் பார்த்தேன், மாஸ்டரைப் பார்த்தேன். குட்டைக்கரைச் சேணங்களை நினைத்த என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"அதையும் இதையும் ஒண்ணா வெக்காதீங்க அம்மிணி" என்றார் மெதுவாக. "அது தீனு, எங்க மார்க்கமுங்க. இது பனியனுங்க."

சாரதாமணி ஒரு கையும் கதிர்வேல் ஒரு கையும் பிடிக்கப் பெரியவர் பலகை மேல் ஏறினார். தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான். அதற்கே மூச்சு வாங்கியது.

"இனிமே கம்பெனியைச் சாரதா பாத்துக்குவா" என்றார்.

"பாத்துக்கறதுன்னா என்னங்க மொதலாளி?" என்றார் மாஸ்டர், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "வெவரமாச் சொல்லிப்போடுங்க. நாளைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லக் கூடாது."

யாரோ சிரித்தார்கள். பெரியவருக்கும் சிரிப்பு வந்து, மார்பு வலித்து, கையை வைத்து அழுத்திக்கொண்டார். "கையெழுத்து அவளுது. ஆர்டர் எடுக்கறதா வேண்டாமான்னு சொல்றது அவ. ஆளு வெக்கறதும் நிறுத்தறதும் அவ. என்ற எடத்துல இனி அவ. கதிரு அவளுக்குத் தொணை. இதை நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலயே மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். போதுமா மாஸ்டரே?"

அறை முழுக்க மாஸ்டர் பக்கம் திரும்பியது. சாரதாமணியும் திரும்பினாள். அந்த வராந்தாவில் நாள் முழுக்க நின்றது, ஆபீஸ் வாசலில் நின்றது, எல்லாம் அப்போதுதான் அவளுக்குள் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பயந்தது கதிர்வேலைப் பார்க்கத்தான். பார்த்தேன். அந்த மனுஷன் வெளியே விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

"இதைப் போன வருஷமே சொல்லியிருந்தீங்கன்னா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன் பெரியப்பா" என்றார். "அக்கா இல்லாம அந்த சீட்ல உக்காந்தா ஒரு மாசத்துல கம்பெனியை மூடிருப்பேன். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

பெரியவர் மகளின் கையைப் பிடித்து உயர்த்தப் பார்த்தார். மார்பில் தையல் போட்டவர் கையை அவ்வளவு தூரம் தூக்கக் கூடாது. தோள் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கதிர்வேல் கீழே நின்று பெரியப்பாவின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். அவர் தாங்கிக்கொள்ள, சாரதாமணி தன் கையைத் தானே மேலே கொண்டுபோனாள். பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. கைதட்டல் வந்தது, விசிலும் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஒரு பனியனை எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்தேன்.

"இருக்கறவங்க இல்லாதவங்களுக்குச் சொல்லிப்போடுங்க" என்றார் மாஸ்டர்.

சுவிட்சைப் போட்டார்கள். எல்லாரும் கலைந்தார்கள். மேஜையில் காலையிலேயே லேயர் போட்டு, கோடு கிழித்து, நாற்பது அடுக்கு துணி காத்திருந்தது. கருப்புசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாஸ்டர் மாதிரியே மேஜையின் இந்தக் கோடியில் நின்று "வெட்டலாங்களா?" என்றார். அந்தக் கோடிக்குப் போய் ஒரு தடவை. நடுவுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, சாரதாமணியைப் பார்த்து மூன்றாவது தடவை.

"வெட்டுங்க" என்றாள் சாரதாமணி. அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்திருக்கும்.

மாஸ்டர் இரும்புக் கையுறையைக் கழற்றிக் கருப்புசாமியிடம் கொடுத்தார். மூலைக்கு நடந்தார். நாற்காலியில் அடுக்கியிருந்த அட்டைப் பேட்டர்ன்களை, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். ஒரு துண்டுத் துணியால் தூசி தட்டினார். பிறகு இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, உட்கார்ந்தார்.